திரும்பாதவை: ஒன்று

இந்தக் கார்டு பொய் சொல்கிறது.

ரூஹி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுபதைத் தாண்டியவர். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடி மேசையின் மேல் மெதுவாக வைத்ததிலேயே அவர் அதை எவ்வளவு நம்புகிறார் என்று தெரிந்தது. பொய்யனை நம்பி வீடுவரை கூட்டிக்கொண்டு வந்தவரிடம் எப்படிச் சொல்வது? மேலே அறுபத்து நாலு ஜிபி என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே எட்டு இருந்தால் பெரிது. எட்டு நிரம்பிய பிறகும் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், சரி சரி என்று தலையாட்டும். திருப்பிக் கேட்கிற அன்றுதான் குட்டு வெளிப்படும்.

"இன்னாமா, பாத்துகினே கீற?" என்றார் அவர். "கடையில பெருசா குடுன்னு கேட்டு வாங்கினேன். பெருசுன்னா நல்லதுதானே?"

அவர் பெயர் ஃப்ரெடி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். செத்துப்போன மெமரி கார்டிலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் தகவலை மீட்டெடுக்கிற பெண் ஒருத்தி பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, ஆட்டோ பிடித்து வந்திருந்தார். எம்.சி. ரோட்டில் இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மாடிப்படிக்கு அடியில் இருந்தது ரூஹியின் கடை. பெரும்பாலும் கல்யாண போட்டோக்காரர்கள்தான் வருவார்கள். ஃப்ரெடி துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மாதிரி ஒரு பொருள் அந்த மேசைக்கு வந்ததில்லை.

துண்டைப் பிரித்தார். மஞ்சளேறிய கீபோர்டு. கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர். மேலே அமிகா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"தொண்ணூத்தி மூணுல ஒரு கப்பல் எலக்ட்ரீஷியன் கையில வாங்கினது. அன்னைலேர்ந்து இன்னைவரைக்கும் தினம் ஓடிகினு கீது. உள்ள இருக்கற டிஸ்க்கும் அதே டிஸ்க்குதான். நாப்பது எம்பி."

ரூஹி நிமிர்ந்தாள். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். ஐந்து வருடம் தாண்டிய டிஸ்க்கைப் பார்த்தாலே ஆயுசு கெட்டி என்பாள். முப்பது வருடத்துக்கு மேல், உப்புக் காற்றில், ஐஸ் கம்பெனியின் ஈரத்தில், தினம் சுற்றியிருக்கிறது ஒரு டிஸ்க்.

"இப்ப ஒரு மாசமா டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. சில நாளு தட்டினாத்தான் சுத்துது. அதான் கார்டுக்கு மாத்தலாம்னு நானே வீடியோ பாத்து மாத்தினேன். லிஸ்டு பாதி கலீஜாயிட்சு. நல்ல வேளை, பழைய டிஸ்க்க அயிக்கல."

"அது போச்சுன்னா?"

"லிஸ்டு போச்சு. வேற எங்கயும் இல்ல. கையில எயுதி வெச்சதெல்லாம் கரையான் தின்னுட்சு."

என்ன லிஸ்ட் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். கடலுக்குப் போகும் விசைப்படகு ஒவ்வொன்றும் முதலில் ஐஸ் ஏற்றும். ஐஸ் ஏற்றும்போது படகின் நம்பர், ஆள் எத்தனை பேர், கிளம்பிய நேரம் எல்லாவற்றையும் மிஷினில் அடித்துவிடுவார். பத்து நாளோ பன்னிரண்டு நாளோ கழித்துப் படகு திரும்பினால், வந்தது என்று அடிப்பார். வராமல் கடலில் நிற்பவை எத்தனை என்று அந்த மிஷின் தினமும் காலையில் சொல்லும். யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. இப்போது படகுக்குப் படகு கருவி வந்துவிட்டது, கரையிலிருந்தே எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். இருந்தும் அவர் நிறுத்தவில்லை.

"எவ்ளோ தடவை போய் வந்தது இருக்கும், அங்கிள்?"

"நாப்பதாயிரத்துக்கு மேல."

கார்டைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். தப்பு இரண்டு. கார்டு போலி. கார்டு நிஜமாகவே இருந்தாலும் இந்த மிஷினுக்கு நாலு ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. நாலைத் தாண்டியதும் மறுபடி ஒன்றாம் இடத்துக்கு வந்து, ஏற்கெனவே எழுதினதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும்.

ஃப்ரெடி கார்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பெருசு வாங்கினதுதான் தப்பா?"

"ஆமா அங்கிள். இதுக்குச் சின்னதுதான் பாதுகாப்பு."

"என் சம்சாரம் உயிரோட இருந்தா இத கேட்டு சிரிச்சிருப்பா," என்றார்.

*

டிஸ்க்கை அவள் மூன்று நாள் வைத்துக்கொண்டாள். பழைய டிஸ்க்கை வேகமாகப் படிக்கக்கூடாது. கொஞ்சம் படித்து, ஆறவிட்டு, மறுபடி படிக்கவேண்டும். மடங்காத காலை நீட்டி உட்கார வைப்பதுபோல அதைப் பஞ்சின் மேல் வைத்து, சின்ன ஃபேனைத் திருப்பிவிட்டாள். ஏழே ஏழு இடம்தான் படிக்க முடியவில்லை. அந்த ஏழும் காலி இடங்கள். லிஸ்ட் முழுசாக வந்துவிட்டது.

திறந்து பார்த்தாள். அடுத்தவர் ஃபைலைத் திறந்து பார்ப்பது அவள் வழக்கமில்லை. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற அளவோடு நிறுத்திக்கொள்வாள். இதில் நிறுத்த முடியவில்லை. வரிக்கு வரி ஒரு படகு. ஏழு பேர் போனார்கள், ஏழு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் போனார்கள், ஒன்பது பேர் வந்தார்கள். புயல் வந்த வருடங்கள் இருந்தன. சுனாமி வந்த டிசம்பர் இருந்தது. அந்த வாரம் பக்கம் பக்கமாக வெறும் வரவுகள், நேரம் நள்ளிரவு, விடிகாலை, நண்பகல் என்று கலந்து. அவர் அந்த வாரம் தூங்கியே இருக்கமாட்டார். இத்தனையும் சேர்ந்து இப்போதைய ஒரு போட்டோவின் அளவுகூட இல்லை. காசிமேட்டுக் கரையிலிருந்து கடலுக்குப் போன அத்தனை ஆண்களும் ஒரு போட்டோவுக்குள் அடங்கிவிட்டார்கள் என்று நினைத்தபோது அவள் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

ஒரே ஒரு வரியில் பாதி காலியாக இருந்தது. தொண்ணூற்று ஒன்பது, அக்டோபர் பதினாறு. ஆள் ஆறு. வந்த நேரம் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

அவள் அதற்குமேல் படிக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள்.

காலியான இடம் அவளுக்குப் பழக்கமானது. அவள் கணவன் மொஹ்சின் ஒன்பது வருடத்துக்கு முன் துபாய்க்குப் போனான். இரண்டு வருடம் போன் வந்தது, பிறகு வரவில்லை. செத்தானா, வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டானா, யாருக்கும் தெரியவில்லை. போன வருடம் அவளுடைய அண்ணன் அலி அக்பர் ஜமாத்திலிருந்து மணவிலக்குக் காகிதம் கொண்டுவந்தார். நல்ல மனிதர். தங்கைக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தார். எல்லா இடத்தையும் அவரே தன் குண்டுக் கையெழுத்தில் நிரப்பியிருந்தார். அவள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. போட்டாள். கோபமில்லை, அழுகையும் வரவில்லை. காகிதத்தை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனபிறகுதான், அந்த இடங்களில் நானாக இருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. பதில் தெரிந்துகொள்ள இனி வழியுமில்லை. இடம் நிரம்பிவிட்டது.

*

மிஷினுக்கு ஏற்ற சின்னக் கார்டு அவளிடமே இருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் உடைக்க வருகிற பெரிய லேத் மிஷின்களின் கண்ட்ரோல் பெட்டிகளில் சின்ன சின்ன கார்டுகள் இருக்கும். இரண்டு ஜிபி, நாலு ஜிபி. தொழிற்சாலைக்கென்றே செய்தவை, சூட்டுக்கும் அதிர்வுக்கும் அசராதவை. இரும்பை எடைக்குப் போடுகிறவர்களுக்கு அவை குப்பை. ரூஹி மாதம் ஒருமுறை போய்ப் பொறுக்கி வருவாள். அதில் ஒரு இரண்டு ஜிபியை எடுத்து, முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை எழுதி, திருப்பிப் படித்து, ஒப்பிட்டுப் பார்த்தாள். கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தது. மூன்று முறையும்.

அதற்குமேல்தான் கஷ்டமான பாகம். கார்டு நல்லதாக இருந்தால் போதாது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கார்டுக்குள் குறித்துவைக்கிற முறை ஒன்று உண்டு. ஃபைல் சிஸ்டம் என்பார்கள். அமிகாவோடு வந்த பழைய முறை வேகமானது, ஆனால் அவசரக்காரன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், குறிப்பு ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கும்.

"அதான் எங்க கம்பெனில ஒரு பயக்கம்," என்று ஃப்ரெடி போனில் சொல்லியிருந்தார். "கம்ப்ரஸர் போட்டா லைட்டெல்லாம் ஒரு தபா கண்ண மூடித் தொறக்கும். மிஷின் ஆஃபாயிடும். அதனால சுடலைராஜ் சுச்ச போடறதுக்கு முன்னாடி எயுதியாச்சா சார்னு கொரல் குடுப்பான். நான் ஆச்சுன்னு சொன்னாத்தான் போடுவான். அவனுக்கு முன்னாடி அவன் அப்பன் கேட்டுகினு இருந்தான்."

முப்பது வருடமாக ஒரு லிஸ்டுக்காக ஒரு கம்ப்ரஸர் காத்திருக்கிறது. ரூஹி அதைப் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

அமிகாவுக்கு வேறொரு முறையும் இருந்தது. பி.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எழுதி, இப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பகல் முழுக்கப் படித்தாள். வெளியே எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

அந்த முறை பழையதன் மேல் கை வைப்பதில்லை. புதிதாக எழுத வேண்டியதைக் காலியாக இருக்கும் வேறு இடத்தில் எழுதுகிறது. அதற்கான குறிப்பையும் வேறு இடத்தில் எழுதுகிறது. எல்லாம் முடிந்தபிறகு, கடைசியாக ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றுகிறது. இனிமேல் இதைப் பார், அதை அல்ல என்று. அந்தக் கடைசி மாற்றத்துக்கு முன்னால் எப்போது கரண்ட் போனாலும், பழையது இருந்தபடியே இருக்கும். பாதி புதிது பாதி பழையது என்கிற நிலையே கிடையாது.

ரூஹி சேரில் சாய்ந்தாள். எவனோ ஒருவன், எந்த ஊரிலோ, இப்படி யோசித்திருக்கிறான். புதிது முழுசாக ஆகும்வரை பழையதைத் தொடாதே. அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அன்பாக, அவசரமாக, பழையதன் மேலேயே எழுதியவர்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினாள். மறுபடி போட்டாள், பிடுங்கினாள். ஐம்பது முறை. ஐம்பது முறையும் லிஸ்ட் அப்படியே எழுந்து நின்றது.

*

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஐஸ் கம்பெனிக்குப் போனாள். தரையெல்லாம் தண்ணீர். ஐஸ் பார்களைச் சங்கிலியில் கோத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அரைக்கிற மிஷினின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஃப்ரெடியின் மேசை, மிஷினுக்குத் திரையாக ஒரு பழைய டிவி, சுவரில் மாதா படம்.

அமிகாவைத் திறந்து, கார்டைப் பொருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் சும்மாடு, கையில் மீன்கூடை, புடவை முழங்கால்வரை ஈரம். ஐஸ் தூள் வாங்க வந்தவள் டிவியைப் பார்த்தாள். டிவி கறுப்பாக இருந்தது.

"என்னய்யா, இன்னைக்கு ஒண்ணு இல்லியா?"

"மிஷினு ரிப்பேரு, இசக்கி," என்றார் ஃப்ரெடி. அவர் குரல் சட்டென்று தணிந்துபோயிருந்தது. "இப்ப வந்துரும்."

இசக்கியம்மாள் மேசைக்குக் கிட்டே வந்து, திறந்து கிடந்த மிஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ரூஹியைப் பார்த்தாள்.

"ஏம்மா, இதைக் கழட்டிப் போட்டுட்டா அந்த ஒண்ணு எங்கன இருக்கும்?"

ரூஹிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த கார்டை உயர்த்திக் காட்டினாள். "இதுக்குள்ள இருக்கும்மா."

"இத்தினிக்கூண்டுக்குள்ளயா?"

"ஆமா."

இசக்கியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கார்டைத் தொடாமல், பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "இம்புட்டுக்குள்ள அத்தனை போட்டும்," என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கூடையில் ஐஸ் தூளை வாங்கிக்கொண்டு, அப்புறமா வாரேன் என்று போய்விட்டாள்.

ஃப்ரெடி ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவசிமுத்து சம்சாரம். தொண்ணூத்தொம்போதுல போயி வராத அந்த போட்டுக்கு அவன்தான் டிரைவர். இவங்க தூத்துக்குடி பக்கம். மத்த அஞ்சு பேரு குடும்பமும் ஊருக்குப் பூட்டாங்க, இவ மட்டும் போவல. படிக்கத் தெரியாது. ஆனா அந்த நம்பர் மட்டும் தெரியும். சில நாளு கடல்ல இருவது போட்டு நிக்கும், இருவத்தொண்ணுன்னு காட்டும். அத பாத்து ஒண்ணும் சொல்லமாட்டா. எல்லாம் வந்தப்புறம் ஒண்ணு நிக்கும் பாரு, அப்ப ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போவா."

ரூஹி திருகுகளை முடுக்கினாள். பட்டனை அழுத்தினாள். டிஸ்க் சுற்றும் சத்தம் இல்லை, டிக் டிக் இல்லை. மூன்றே நொடியில் நீலத் திரை வந்தது. இந்த மிஷினுக்குள் காலண்டர் கிடையாது. இன்று என்ன தேதி என்று கேட்டது, ஃப்ரெடி அடித்தார். திரையின் அடியில் ஆங்கிலத்தில் திரும்பாதவை என்று வந்தது. பக்கத்தில் 1. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மற்ற விசைப்படகெல்லாம் கரையில்.

"இப்ப சோதனை பண்ணணும் அங்கிள். ஏதாவது எழுதுங்க. எழுதறப்போ அவரைக் கம்ப்ரஸர் போடச் சொல்லுங்க."

"எயுதறப்பவா? வேணாம்மா. பேஜாரு."

"நான் இருக்கேன்."

சுடலைராஜ் கதவோரம் வந்து நின்றார். நாற்பது வயது ஆள், கையெல்லாம் கிரீஸ். "சார், எங்கப்பா செத்தப்போ எங்கிட்ட சொன்னது ரெண்டே விஷயம். ஒண்ணு வூட்டுப் பத்திரம் எங்க கீதுன்னு. ரெண்டாவது, சாரு ஆச்சுன்னு சொல்லாம சுச்சு போடாதன்னு. இப்ப போடச் சொல்றீங்க. ஆவியா வந்து உதைக்கப்போறாரு."

"போ நைனா, போடு," என்றார் ஃப்ரெடி. நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அவர் எண்டரை அழுத்தினார். அதே கணம் கம்ப்ரஸர் உறுமியது. விளக்குகள் மங்கின, திரை அணைந்தது. விளக்கு திரும்பியது. நீலத் திரை, தேதி, லிஸ்ட். ரூஹி முதல் வரிக்குப் போனாள், கடைசி வரிக்கு வந்தாள், தான் முன்பே எடுத்துவைத்த கணக்கோடு ஒப்பிட்டாள். ஓர் எழுத்து குறையவில்லை. பன்னிரண்டு முறை செய்தார்கள். ஆறாவது முறைக்குப் பிறகு ஃப்ரெடி சின்னப் பையன் மாதிரி சிரிக்க ஆரம்பித்தார். "போட்ரா! மறுக்கா போட்ரா!" என்று கத்தினார். பன்னிரண்டாவது முறையும் திரையின் அடியில் அந்த 1 வந்து நின்றபோது மட்டும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இனிமே நீங்க கேக்கவே வேணாம்ணே," என்றாள் ரூஹி சுடலைராஜிடம். அவர் அசட்டுத்தனமாகத் தலையைச் சொறிந்துகொண்டு கம்ப்ரஸர் பக்கம் போனார்.

அறையில் இருவரும் மட்டும் இருந்தார்கள். ஃப்ரெடி குரலைத் தாழ்த்தினார்.

"ரூஹி. இன்னொரு வேலை கீது. அந்த வரிய மட்டும் முடிச்சிடு."

அவள் ஸ்குரூடிரைவரை மேசையில் வைத்தாள்.

"வந்த நேரம்னு எதாவது ஒண்ணு அடி. இல்ல, அந்த வரிய மொத்தமா தூக்கிடு. அவ சாயங்காலம் வருவா. சைபர்னு இருக்கட்டும். புது மிஷினு, புது கணக்குன்னு நான் சொல்லிக்கறேன். எத்தினி வருசம்மா பாப்பா அத? நானும் பாத்துகினு கீறேன். ரெண்டு தபா அடிக்க உக்காந்தேன். என் கையால முடியல. உனக்கு இன்னா, நீ வெளி ஆளு. ஒரு தட்டு தட்டினா முடிஞ்சிடும்."

நல்ல மனிதர். ரூஹி அவர் முகத்தைப் பார்த்தாள். அலி அக்பரின் முகத்தில் பார்த்த அதே பரிவு. நாற்பதாயிரம் தடவை போனவர்களை வந்ததாக எழுதிய கை, இந்த ஒரு தடவைக்கு அடுத்தவள் கையைக் கேட்கிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அவள் ஒருவேளை முடித்துவிடு என்பாள். ஒருவேளை தானே ஒற்றை விரலால் அடிக்கிறேன் என்பாள். அவள் என்ன சொல்வாள் என்று இந்த அறையில் யாருக்கும் தெரியாது. சைபர் விழுந்துவிட்டால் அவளுக்கே தெரியாமல் போய்விடும்.

ஸ்குரூடிரைவரைப் பைக்குள் வைத்தாள். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி, அவர் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். கீபோர்டை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

வெளியே கம்ப்ரஸர் பக்கமிருந்து, பழக்கத்தில், சுடலைராஜின் குரல் வந்தது.

"எயுதியாச்சா சார்?"

ஃப்ரெடி அவளைப் பார்த்தார்.

"இல்ல, அங்கிள்," என்றாள் ரூஹி. "நான் எழுத மாட்டேன்."